பாட விடும் செயலி: தொடக்கநிலைப் பாட்டுப் பயிற்சிக்கான ஒரு சோதனைப் பதிப்பின் மதிப்புரை

பாட்டுக் கற்க வருகிற பெரியவர்களில் பெரும்பாலோருக்குக் குரலில் குறை இருப்பதில்லை. தம் குரல் அடுத்தவர் காதில் விழுந்துவிடுமே என்ற கூச்சம்தான் அவர்களைத் தடுக்கிறது. காரைக்குடியில் என் வீட்டிலேயே பாட்டு வகுப்பு நடத்திவரும் நான், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் ஆச்சிமார், கல்லூரி மாணவர்கள் எனப் பல வயதினருக்கும் ஸ்வரப் பயிற்சியின் முதல் பாடமான சரளி வரிசையிலிருந்து சொல்லித் தருகிறேன். வகுப்பில் ஓரளவு பாடுகிறவர்கள்கூட வீட்டில் வாய் திறப்பதில்லை என்பதும், வீட்டில் சாதகம் (பயிற்சி) செய்யாமல் பாட்டு நிற்காது என்பதும் சொல்லிக் கொடுக்கிற எல்லோருக்கும் தெரிந்ததே. இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே, எங்கள் பகுதியைச் சேர்ந்த இளைஞர்கள் இருவர் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு கைப்பேசிச் செயலியை வடிவமைத்துவருகிறார்கள். அதன் சோதனைப் பதிப்பை எனக்கும் என் மாணவர்களுக்கும் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். அதற்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. பிளே ஸ்டோரிலும் வெளியாகவில்லை. ஆயினும் அதில் உள்ள நல்லதையும் குறையையும் விரிவாக எழுதி வைத்தால், இதுபோன்ற செயலியைத் தேடுகிறவர்களுக்கும், இத்தகைய ஒன்றை உருவாக்க நினைக்கிறவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடுகிறவருக்குப் பொருந்தும் சுருதியைக் கண்டுபிடித்துத் தருவதிலும், அவர் பாடிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வராமல் இருப்பதிலும், நான் பார்த்த மற்றச் செயலிகளைவிட இது பல படி மேலானது. கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதை, அளப்பதிலும், கம்பியில்லா இயர்போனோடு தாளத்தைக் கணக்கிடுவதிலும் இன்னும் தேற வேண்டியிருக்கிறது.

சுருதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தைரியம் அங்கேதான் பிறக்கிறது. சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற எண்ணால் குறிப்போம். தொண்டைக்கு எட்டாத கட்டையில் ஒருவரைப் பாட வைத்தால், மேல் ஷட்ஜத்தை (மேல் 'ச'வை) நெருங்கும்போது குரல் கீறும். கீறிய குரலைக் கேட்டதும் "எனக்குப் பாட்டு வராது" என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவார். பிறகு அந்த எண்ணத்தை மாற்றுவது ஆசிரியருக்குப் பெரும்பாடு. பல செயலிகள் நுழைந்தவுடன் ஆணா பெண்ணா என்று கேட்டு, பெண் என்றால் 5 அல்லது 5½ கட்டையையும், ஆண் என்றால் 1 கட்டையையும் தாமாகவே வைத்துவிடுகின்றன. கச்சேரி மேடையில் வழக்கமாகக் கேட்கும் கட்டைகள் அவை. பழக்கப்படாத தொண்டைக்கும் வயதான தொண்டைக்கும் அதே அளவு எப்படிப் பொருந்தும்?

இந்தச் செயலி அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. "உங்கள் பெயரையும் ஊரையும் சாதாரணமாகச் சொல்லுங்கள்" என்று கேட்கிறது. பேச்சுக் குரல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அடுத்தபடியாக வாயை மூடி முனகச் சொல்கிறது. அதன்பின் அந்த முனகலையே 'ஆ' என்று அகாரமாகத் திறந்து, சிரமமில்லாத வரையில் கீழே இறங்கவும் மேலே ஏறவும் சொல்கிறது. சிரமம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பாடுகிறவரே திரையைத் தொட்டுக் காட்ட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஷட்ஜத்தை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கிறது.

அறுபதைக் கடந்த ஆச்சி ஒருவர் என் வகுப்புக்கு வருகிறார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடிப் பழநிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரையில், தம் குழுவோடு சேர்ந்து முருகன் பாடல்களைப் பாட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. பேரன் முன்பு ஏற்றிக் கொடுத்திருந்த வேறொரு செயலி அவருக்கு 5½ கட்டையை வைத்திருந்தது. அந்தக் கட்டையில் மேல் ஷட்ஜம் ஏறத்தாழ 415 ஹெர்ட்ஸில் இருக்கும். "மேலே போனா தொண்டை அடைச்சுக்குது டீச்சர், எனக்கு விதிச்சது இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் சாதகம் செய்வதையே நிறுத்திவிட்டார். வகுப்பில் நான் அவருக்கு 3 கட்டையில்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அதில் மேல் ஷட்ஜம் 330 ஹெர்ட்ஸ் அளவிலேயே நின்றுவிடும். இந்தப் புதிய செயலியை என் முன்னிலையில் அவரிடம் கொடுத்தோம். பெயரையும் ஊரையும் சொன்னார், முனகினார், ஏறி இறங்கினார். நான் எதுவும் சொல்லாமலேயே செயலி 3 கட்டையில் தம்புராவை ஒலிக்கவிட்டது. "இது நம்ம வகுப்புச் சுருதியால்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் சரளி வரிசையைத் தொடங்கிவிட்டார். ஆசிரியரின் காதும் கருவியின் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றதைப் பார்த்தபோதுதான் இந்தச் செயலியின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

பதின்பருவத்துப் பையன்களுக்குக் குரல் உடையும் காலத்தில் ஷட்ஜம் சில மாதங்களிலேயே இடம் மாறிவிடும். செயலி ஒருமுறை வைத்த கட்டையைத் தானாக மறுபடி சோதிப்பதில்லை. மாதம் ஒருமுறையாவது அந்த முனகல் சோதனையை மீண்டும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்து, இந்த வடிவமைப்பில் நான் மிக உயர்வாக மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். தொடக்கநிலையினருக்கான பெரும்பாலான செயலிகளில், பாடப் பாடவே திரையில் ஒரு கோடு ஓடும். கோடு மேலே போனால் குரலை இறக்குவதும், கீழே போனால் ஏற்றுவதுமாக, பாடுகிறவர் காதை விட்டுவிட்டுக் கண்ணால் பாடத் தொடங்கிவிடுகிறார். திரையை எடுத்துவிட்டால் அவருக்கு ஷட்ஜம்கூட நிற்பதில்லை. போதாக்குறைக்கு, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பச்சையும் சிவப்புமாக விளக்கெரிந்தால், ஏற்கெனவே கூச்சப்படுகிறவர் மேலும் ஒடுங்கிப்போவார். இந்தச் செயலியில் பாடும்போது திரை இருண்டிருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு சிறிய வட்டம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது, தம்புரா ஒலிக்கிறது, வேறு எந்தச் சத்தமும் இல்லை. தடுமாறினாலும் நடுவில் நிறுத்துவதில்லை. ஒரு வரிசையை முழுவதும் பாடி முடிக்கும் உரிமையை அது பாடுகிறவருக்குத் தருகிறது.

முடித்த பிறகும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவதில்லை. பாடியதைத் தம்புராவோடு சேர்த்துத் திரும்ப ஒலிக்கவிட்டு, "எந்த ஸ்வரம் இடத்தில் நிற்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது?" என்று கேட்கிறது. ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம் (ச, ரி, க, ம, ப, த, நி) என ஸ்வரங்கள் வரிசையாகத் திரையில் இருக்கும்; நமக்குத் தோன்றியதைத் தொட வேண்டும். அதன்பிறகுதான் தான் கண்டதைச் சொல்கிறது. அதுவும் எல்லாக் குறைகளையும் ஒரே நேரத்தில் கொட்டாமல், ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறது: "நிஷாதம் சற்று இறங்கியிருக்கிறது, மேல் ஷட்ஜத்தை ஒருமுறை கேட்டுவிட்டு மறுபடி பாடுங்கள்." வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற என் மாணவர் ஒருவர் தொடக்கத்தில் எதைத் தொடுவது என்றே தெரியாமல் தைவதத்தையே தொட்டுக்கொண்டிருந்தார். இப்போது வகுப்புக்கு வரும்போதே, "இறங்கி வர்றப்ப மத்யமம் கொஞ்சம் ஏறிப்போகுது டீச்சர், நீங்களே கேட்டுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டு வருகிறார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. தன் குறையைத் தானே கேட்டுக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு, பிறர் என்ன சொல்வார்களோ என்ற பயம் பெருமளவு குறைந்துவிடுகிறது என்பதை அவரிடம் நேரடியாகப் பார்க்கிறேன்.

தன் குரலின் பதிவை முதன்முதலாகக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் முகம் சுளிப்பார்கள். நாம் பேசும்போதும் பாடும்போதும் நம் குரல் காற்றின் வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் நம் உட்செவியை எட்டுவதால், அது நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இருப்பதில்லை. இதை முதல் பதிவை ஒலிக்கவிடும் முன்பே, எளிய தமிழில் இரண்டே வரிகளில் செயலி சொல்லிவிடுகிறது. இப்படி ஒரு விளக்கத்தை அந்த இடத்தில் வைக்கத் தோன்றியவர்கள், கற்றுக்கொள்கிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

பாராட்டும் விஷயத்தில் மட்டும் கை சற்றுத் தாராளமாக இருக்கிறது. எப்படிப் பாடினாலும் "மிக அருமை" என்று ஒரு குரல் வருகிறது. தவறாகப் பாடியபோதும் அது வந்ததால், ஒரு கல்லூரி மாணவி அதை அணைத்துவிட்டார். பெரியவர்களை இப்படி ஏமாற்ற முடியாது. "பஞ்சமம் நன்றாக நின்றது" என்று எது சரியாக வந்ததோ அதைப் பெயர் சொல்லிச் சொன்னால் போதும். மதிப்பெண் பட்டியலும், மற்றப் பயனர்களோடு ஒப்பிடும் தரவரிசையும் முதல் பதிப்பில் இருந்தன. இரண்டும் தொடக்கநிலையினருக்கு வேண்டாம் என்று நாங்கள் சொன்னதைக் கேட்டு எடுத்துவிட்டார்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் இந்தச் செயலியைப் பயன்படுத்துவதில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, தனிமை. வளவைச் (நடு முற்றத்தை) சுற்றி அறைகள் இருக்கும் வீட்டில், ஒரு மூலையில் முனகினாலும் பட்டாலையில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழும். ஆகவேதான் பலரும் வீட்டில் பாடுவதில்லை. இதை அறிந்தே, செயலியில் முனகல் பயிற்சிக்கென்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். தொடங்குவதற்கு அது நல்ல வழிதான். ஆனால் முனகலிலேயே வாரக்கணக்கில் இருந்துவிட்டால் குரல் திறக்காது. காற்றுக் கலந்த மெல்லிய குரலில் பாடிப் பழகிவிட்டால் பின்னால் திருத்துவது கடினம். முனகலுக்கு ஒரு வரம்பு வைத்து, அதற்குமேல் அகாரத்துக்கு நகர்த்த வேண்டும் என்பது என் கருத்து. பதிவுகள் கைப்பேசியை விட்டு வெளியே போவதில்லை என்பதும், நாமே சேமிக்காவிட்டால் அன்றே அழிந்துவிடும் என்பதும் மிகவும் பாராட்டத்தக்கவை. விரும்பினால், நாம் தேர்ந்தெடுத்த ஒரே ஒருவருக்கு மட்டும் ஒரு பதிவை அனுப்பலாம். என் மாணவர்கள் எனக்கு அனுப்புகிறார்கள். ஒருவர் சிங்கப்பூரில் இருக்கும் தம் அக்காவுக்கு அனுப்புகிறார்.

இரண்டாவது, எதிரொலி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், கண்ணாடிபோல் இழைத்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும், உயரமான கூரையும் சேர்ந்தால், பாடிய ஸ்வரம் உடனே அடங்குவதில்லை. கல்யாணக் கொட்டகையில் நின்று பாடுகிறவருக்கு அது இன்பமாக இருக்கும், செயலிக்குத்தான் தொல்லை. ரிஷபத்தைப் பாடும்போது ஷட்ஜத்தின் மிச்சமும் மைக்கில் விழுவதால், எது இப்போது பாடியது என்று அதற்குத் தெரிவதில்லை. சுருதியைக் கண்டுபிடிக்க இவர்கள் பின்பற்றுவது, 2002-இல் டி ஷெவேன்யே, கவஹாரா ஆகிய இருவரும் வெளியிட்ட யின் என்ற முறையை ஒட்டியது என்று சொன்னார்கள். ஒலியலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே திரும்பச் செய்கிறது என்று பார்த்து அதிர்வெண்ணைக் கணக்கிடும் வழி அது. ஒரு குரல் மட்டும் தெளிவாக இருக்கும்போது அது மிக நன்றாக வேலை செய்கிறது. இரண்டு ஸ்வரங்கள் கலந்து வந்தால் குழம்புகிறது. துணிமணியும் மெத்தையும் அடுக்கியிருக்கும் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பாடியபோது அதே செயலி கிட்டத்தட்டப் பிழையே இல்லாமல் கண்டுபிடித்தது. எதிரொலி அதிகமாக இருந்தால் "வேறு இடத்துக்குப் போய்ப் பாடிப் பாருங்கள்" என்று அதுவே சொல்ல வேண்டும். இப்போது அப்படிச் சொல்லாமல், பாடியவர்மேல் பிழையைப் போட்டுவிடுகிறது. தொடக்கநிலையினருக்கு இது செய்யும் கெடுதல் சிறிதல்ல. தான் சரியாகப் பாடியிருக்கிறோமா என்ற சந்தேகத்தில் இருப்பவரிடம், கருவி தன் இயலாமையை அவருடைய குற்றமாகக் காட்டக் கூடாது.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைப்பேசிகளின் மைக் பேச்சுக்காகத் தயாரிக்கப்பட்டது. பின்னணியில் மின்விசிறி ஓடும் சத்தத்தைப் போல, மாறாமல் நீளும் ஒலி எதுவானாலும் அதை இரைச்சல் என்று எண்ணி அடக்கிவிடும் மென்பொருள் பல கைப்பேசிகளில் உண்டு. பாட்டில் கார்வை என்பதே மாறாமல் நீளும் ஒலிதானே! இந்தச் செயலி அந்த வடிகட்டலைத் தவிர்த்து மூல ஒலியைக் கேட்டு வாங்குகிறது. ஆனால் 10,000 ரூபாய்க்குள் வாங்கிய ஒரு கைப்பேசியில் அது கைகூடவில்லை. ஷட்ஜத்தை நீட்டிப் பிடித்தால், சில நொடிகளில் பதிவில் குரல் தேய்ந்து மறைந்தது. எங்கள் ஊரில் பெரியவர்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் இத்தகைய கைப்பேசிகளே என்பதை வடிவமைப்பாளர்கள் மறந்துவிடக் கூடாது.

இனி, ஸ்வரத்தை எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்வி. ஒரு ஸ்தாயியை, அதாவது ஷட்ஜம் முதல் மேல் ஷட்ஜம் வரையிலான தூரத்தை, 1200 சென்ட்டாகப் பிரித்து, கீபோர்டில் கறுப்பு வெள்ளை பாராமல் அடுத்தடுத்த கட்டைகளுக்கிடையே 100 சென்ட் என்று வைப்பது மேற்கத்திய சமப் பகிர்வு முறை. செயலி இந்த முறையையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. நாம் தொடக்கப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதோ மாயாமாளவகௌளை ராகம். அதன் அந்தர காந்தாரம் கீபோர்டில் 400 சென்ட். தம்புராவோடு இழையும் காந்தாரம் ஷட்ஜத்துக்கு 5/4 என்ற விகிதத்தில், சுமார் 386 சென்ட்டில் நிற்கிறது. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவின் ஷட்ஜத் தந்தியை மீட்டினால், அந்தத் தந்திக்குள்ளிருந்தே இந்தக் காந்தாரம் மெல்லக் கேட்கும். அது அந்த ஒலியின் ஐந்தாவது இசைக்கூறு. காகலி நிஷாதமும் இதேபோல் 1100-க்குப் பதிலாக 1088 அளவில் நிற்கும்; சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் எதிர்த்திசையில், 100-க்கு 112, 800-க்கு 814 என்று சற்று மேலே போகும். பஞ்சமத்திலும் சுத்த மத்யமத்திலும் வேறுபாடு 2 சென்ட்தான். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

முதல் நிலையில் செயலி இருபுறமும் 50 சென்ட் வரை ஏற்றுக்கொள்வதால் இது யாருக்கும் தெரிவதில்லை. மூன்றாம் நிலையில் அந்த வரம்பை 15 சென்ட்டாக இறுக்குகிறார்கள். அப்போதுதான் சிக்கல் வெளிப்படுகிறது. தம்புராவைக் காது கொடுத்துக் கேட்டு, அதோடு இழையும்படி காந்தாரத்தை வைக்கிறவரிடம் வரம்பின் ஓரத்தில் நிற்பதாகவும், இம்மி இறங்கினாலும் தவறென்றும் செயலி சொல்கிறது. கீபோர்டை ஒட்டிப் பாடுகிறவருக்கு முழு மதிப்புக் கிடைக்கிறது. எந்தக் காதை வளர்க்க வேண்டும் என்று இத்தனை பாடுபட்டார்களோ, அந்தக் காதையே கடைசியில் தண்டிப்பதாக ஆகிவிடுகிறது. தம்புராவின் விகிதங்களையே இலக்காக வைத்துவிட்டால் இது தீரும். கணக்கு எளியது, அடுத்த பதிப்பில் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கமகம் அவ்வளவு எளிதில் தீராது. மாயாமாளவகௌளையின் ரிஷபத்தையும் தைவதத்தையும் அசைத்துப் பாடச் சொல்லிக் கொடுத்த மறுநாளே, என் மாணவர்கள் எல்லோருக்கும் அந்த இரண்டு ஸ்வரங்களும் நிற்கவில்லை என்று செயலி சொல்லத் தொடங்கிவிட்டது. அசைவதற்காகவே அசையும் ஸ்வரத்தை ஒரே புள்ளியில் வைத்து அளந்தால் வேறு என்ன சொல்லும்? ஆசிரியர் பாடிய அசைவின் வளைவையும் மாணவர் பாடியதன் வளைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நேரத்தை நீட்டியும் சுருக்கியும் பொருத்திப் பார்க்க வேண்டும். பேச்சை அடையாளம் காண்பதற்காக 1978-இல் ஜப்பானைச் சேர்ந்த சகோயே, சிபா இருவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த முறை பரவலாகப் பயன்பட்டுவருகிறது என்று வடிவமைப்பாளர்களே எனக்கு விளக்கினார்கள். அதைப் பாட்டுக்குக் கொண்டுவரும்வரை, கமகம் சேர்ந்த பாடங்களில் செயலி கருத்துச் சொல்லாமல் பதிவை மட்டும் திரும்ப ஒலிக்கவிட வேண்டும். தெரியாத இடத்தில் அது பேசாமல் இருப்பதே கற்றுக்கொள்கிறவருக்கு நல்லது.

தாளத்தில் உள்ள குறை முழுவதும் புளூடூத் இயர்போனால் வருவது. அதில் ஒலி காதை எட்ட ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை தாமதமாவது சாதாரணம். நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்துக்கொண்டால், முதற்காலத்தில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு நொடி இருப்பதால் அந்தத் தாமதம் பெரிதாகத் தோன்றாது. அதைவிட நான்கு மடங்கு வேகமான மூன்றாங்காலத்தில் ஒரு ஸ்வரத்துக்குக் கால் நொடிதான். தாமதம் கிட்டத்தட்ட ஒரு முழு ஸ்வரத்தையே விழுங்கிவிடும். பாடுகிறவர் தாளத்தோடு ஒட்டிப் பாடினாலும் பிந்துகிறார் என்றே செயலி சொல்லும். கம்பியுள்ள சாதாரண இயர்போனில் இந்தச் சிக்கல் இல்லை. அதையும் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, மற்றொரு காதைத் தன் குரலைக் கேட்பதற்காகத் திறந்து வைத்துக்கொள்ளும்படி என் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இயர்போன் இல்லாமல் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் தம்புராவைக் கேட்டால், ஆண்களுக்கான 1 கட்டையின் ஆதார ஒலியான 131 ஹெர்ட்ஸ் அதில் மிக மெலிந்துவிடும். அதன் மேற்கூறுகளைக் கொண்டு மனம் அதை இட்டு நிரப்பிக்கொள்ளும் என்றாலும், தொடக்கநிலையினருக்குப் பிடிமானம் போதாது. வீட்டில் சுருதிப் பெட்டி இருப்பவர்கள் செயலியின் தம்புராவை அணைத்துவிட்டு அதையே வைத்துக்கொள்ளலாம்; செயலி அதன் சுருதியைத் தானே பிடித்துக்கொள்கிறது.

பாட வரிசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் சரளி, ஜண்டை, அலங்காரம் என்ற முறையிலேயே போகிறது. ஆனால் அலங்காரம் முடிந்ததும் வழக்கமாக அடுத்து வரும் கீதம் என்ற சிறு பாடல் வகைக்குப் போகாமல், ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் அடங்கும் தமிழ்ப் பாடல்களுக்குத் திரும்புகிறது. எங்கள் பகுதித் தாலாட்டு மெட்டுகள் சிலவும் அதில் இருக்கின்றன. இது மிகச் சரியான முடிவு. கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்நின்று, 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூட்டியதும், 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைத்ததும், பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் பொருள் புரிய வேண்டும் என்ற கோரிக்கையை ஒட்டித்தான். தொடக்கப் பாடத்தில் அந்தக் கோரிக்கைக்கு இன்னும் கூடுதல் நியாயம் இருக்கிறது. புரியாத சொல்லை நினைவில் வைத்துக்கொள்வதா, ஸ்வரத்தைக் கவனிப்பதா என்று திண்டாடுகிறவருக்கு, சிறு வயதில் தொட்டிலோரம் கேட்ட தாலாட்டைக் கொடுத்தால் பாதிச் சுமை இறங்கிவிடுகிறது. அந்த ஆச்சி தாலாட்டுப் பாடத்தை எடுத்த அன்று, செயலியில் இல்லாத அடுத்த இரண்டு கண்ணிகளையும் தாமாகவே பாடி முடித்தார். அவர் குரல் அவ்வளவு திறந்து நான் கேட்டதே இல்லை.

இந்தச் செயலியில் இன்னும் இல்லாத ஒன்று, சேர்ந்து பாடுவது. எங்கள் ஊர்களில் கூச்சமுள்ளவர்கள் பாடத் துணிந்ததெல்லாம் கூட்டத்தோடு பாடித்தான். பஜனையிலும், திருவாசக முற்றோதலிலும், பாதயாத்திரையிலும் ஒருவர் முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் வாங்கிப் பாடுவார்கள். பத்துக் குரல்களுக்குள் தன் குரலும் ஒன்றாக இருக்கும்போது யாருக்கும் பயம் வருவதில்லை. அதே வரியை அடுத்தடுத்து வாங்கிப் பாடுவதில் சுருதியும் தானாகச் சேர்ந்துவிடும். செயலியோ ஒருவரைத் தனியாக உட்கார வைத்தே பழக்குகிறது. முன்குரல் ஒன்றும், கூடப் பாடும் நாலைந்து குரல்களும் ஒலிக்க, பாடுகிறவர் அவற்றோடு சேர்ந்துகொள்ளும்படி ஒரு பகுதி வேண்டும். நாட்கள் போகப் போகக் கூடப் பாடும் குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைய வேண்டும். கடைசியில் முன்குரலும் பாடுகிறவரும் மட்டும் எஞ்ச வேண்டும். கட்டை அவரவருக்கு வேறுபடும் என்பதால், பதிவான குரல்களை அவரவர் சுருதிக்கு மாற்றித் தர வேண்டியிருக்கும். குரலின் இயல்பு கெடாமல் அவ்வளவு தூரம் மாற்ற இயலாது என்று இளைஞர்கள் தயங்கினார்கள். 3, 4½, 5½ கட்டைகளில் பெண் குரல்களையும், 1, 2½ கட்டைகளில் ஆண் குரல்களையும் தனித்தனியாகப் பதிந்துவிட்டால், அதற்குமேல் அரைக் கட்டை, ஒரு கட்டை மாற்றினால் போதும் என்று சொன்னேன். அந்தப் பதிவுகளுக்கு என் மாணவர்களே குரல் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள்.

இப்போதைய நிலையில், ஆசிரியரிடம் கற்றுக்கொண்டே வீட்டுச் சாதகத்துக்கு ஒரு துணை தேடுகிறவர்களுக்கு, அலங்காரம் வரையிலான பாடங்களுக்கு இந்தச் செயலியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கம்பியுள்ள இயர்போனும், எதிரொலி இல்லாத ஓர் அறையும் வேண்டும். ஆசிரியரே இல்லாமல் இதை மட்டும் வைத்துக்கொண்டு கற்க நினைக்கிறவர்கள், உட்காரும் முறையையும் மூச்சையும் வாய் திறப்பதையும் பார்த்துச் சொல்ல இதில் வழியில்லை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் சில வகுப்புகளுக்காவது ஒருவரிடம் நேரில் போய்விட்டு வருவது நல்லது. சேர்ந்து பாடும் பகுதியை மார்கழிக்குள் முடித்துத் தந்தால், தைப்பூச நடைக்கு முன் பாதயாத்திரைக் குழுவினர் அனைவரையும் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறேன்.